அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை

அந்தப் பலகையில உக்காராதே தம்பி, அது என் இடம். எழுதி ஒட்டலைதான். ஆனாலும் என் இடம். ஓடக்காரனைக் கேட்டுப் பாரு. நீ இப்படி எதிர்ப்பக்கம் உக்காரு. மூட்டையைக் காலுக்கு நடுவுல இறுக்கி வச்சுக்கோ. ஆமை கிளம்புறப்போ ஒரு உலுக்கு உலுக்கும், புதுசா வர்றவனெல்லாம் மூட்டையோட தண்ணிக்குள்ள போவான். நீ போனா நான் தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

எப்போ கிளம்பும்னு என்னைக் கேக்காதே. ஓடத்தை இழுக்கிறது ஆமை. அதுக்கு மனசு வந்தாத்தான் கிளம்பும். கீரையைக் காட்டினாலும் சரி, கும்பிட்டு விழுந்தாலும் சரி, அது பாட்டுக்குத் தலையை உள்ள இழுத்துக்கிட்டுக் கிடக்கும்.

எங்கிருந்து வர்றே? மேட்டு நாடா? ஆடு மேய்க்கிற ஜனமா? அதான் வாசனை வருது. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே, நான் உள்ளதைச் சொல்றவன். என் பேரு செம்பன். இந்தக் கரையில செம்பன் வாய்க்குப் பயப்படாதவன் கிடையாது.

அக்கரைக்கு இதுதான் முதல் தடவையா? அப்போ ஒரு சங்கதி தெரிஞ்சுக்கோ. அங்க சும்மா இறங்கிட முடியாது. அது நாணலார் ஊரு. துறையில ஒருத்தி உக்காந்திருப்பா, துறைக்காரின்னு சொல்லுவாங்க. அவ முன்னால நின்னு, உலகம் எப்படி உண்டாச்சுன்னு உங்க ஜனம் சொல்ற கதையை முழுசாச் சொல்லணும். சொல்லி முடிச்சாத்தான் கரையில காலை வைக்கலாம். நடுவுல அவ வாயைத் திறக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. சரி, தப்பு எதுவும் சொல்லக் கூடாது. கடைசியில 'கேட்டேன்'னு ஒரே வார்த்தை, ஒரு குவளை தண்ணி. அவ்வளவுதான்.

என்ன முறையோ போ! வர்றவன் போறவன் கதையெல்லாம் வாங்கி வாங்கி வச்சுக்கிறாங்க. ஊர்ல இருக்கிற பழைய குழம்பையெல்லாம் ஒரே சட்டியில ஊத்தின மாதிரி. எங்க செம்மண்ணார் அப்படி இல்ல. எங்களுக்கு ஒரு கதை. அது போதும். அடுத்தவன் கதை நமக்கு எதுக்கு?

சரி, உன் கதை என்ன? சொல்லு, கேப்போம். எப்படியும் ஆமை அசையலை.

ம். ம். கிழட்டு ஆடா? சரி. தும்முச்சா? தும்மினதுல உலகம் வந்துச்சா? நான் சிரிக்கலைப்பா, இருமல். மேல சொல்லு. ரெண்டு குட்டியா? ஒரு குட்டி மலைக்கு அந்தப் பக்கம் விழுந்துடுச்சா? இன்னமும் அதைத்தான் தேடிக்கிட்டு அலையுறீங்களா?

பாரு, இதுதான் எனக்கு எரியுது. யாரைக் கேட்டாலும் ரெண்டு. போன வாரம் ஒரு மணிக்காரன் வந்தான், தெற்கே வெண்கல மலையில இருக்கிறவன். அவங்க ஊர்ல முதல் மணி அடிச்சப்போ ரெண்டு சத்தம் வந்துச்சாம், ஒண்ணு திரும்பி வரவே இல்லையாம். எல்லாக் கதையிலயும் யாராவது காணாமப் போயிடுறாங்க. எல்லாம் ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் திருடினது, வேற என்ன?

எங்க கதையைக் கேளு. சுத்தமான கதை. முதல்ல தண்ணியும் இருட்டும்தான். அதுக்குள்ள ஒரு அம்மா நடந்து வந்தா. எங்கிருந்து வந்தான்னு கேக்கக் கூடாது, அது மரியாதை இல்ல. வந்தா, குனிஞ்சா, அடியில கிடந்த செம்மண்ணை அள்ளிப் பிசைஞ்சா. ஒரு பிள்ளை செஞ்சா. வாயில மூச்சை ஊதினா. இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா. அந்தப் பிள்ளை வழி வந்தவங்கதான் நாங்க. மத்த ஜனமெல்லாம், அவ கை கழுவிக் கொட்டின தண்ணியில இருந்து வந்தவங்க. உங்களையும் சேத்துத்தான். நான் சொல்லலைப்பா, கதை சொல்லுது.

ஒரு பிள்ளை. கவனிச்சியா? ஒண்ணே ஒண்ணு.

அந்த ஒண்ணுலதான் என் குடும்பமே நாசமாப் போச்சு.

பிடி, பிடி! சொன்னேன்ல? கிளம்பிடுச்சு. என்னடா சாமந்தா சொன்னே? இன்னிக்காவது இறங்குவேனான்னா? உன் சோலியைப் பாத்துக்கிட்டு ஆமையை ஓட்டுடா. ஓடக்காரப் பயலுக்கு வாய் நீளம் தம்பி, அவன் பேச்சைக் காதுல வாங்காதே. எனக்கு அக்கரையில வேலை இருக்கு. சுண்ணாம்பு பாக்கணும். நல்ல சுண்ணாம்பு இருக்கா இல்லையான்னு பாக்கணும்.

எங்க விட்டேன்? எனக்கு ஒரே பொண்ணு. துவரின்னு பேரு. அக்கரைக்காரன் ஒருத்தனைக் கட்டிக்குவேன்னு நின்னா. நாரையன்னு பேரு அவனுக்கு. அந்த ஊர்ல எல்லாருக்கும் பறவைப் பேருதான், பறவைக் காலுதான். என் வேட்டியை அவனுக்குக் கட்டிவிட்டா ஆளையே தேடணும். சரி, பொண்ணு ஆசைப்பட்டுட்டா. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஒத்துக்கிட்டேன்.

ரெண்டு ஜனத்துக்கு நடுவுல கல்யாணம்னா கதை மாத்திக்கணும். அது ரொம்ப நாளா இருக்கிற முறை. அவங்க கதையை நம்ம ஆளு சொல்லணும், நம்ம கதையை அவங்க ஆளு சொல்லணும், எல்லாரும் கூடி உக்காந்து கேக்கணும். தப்பாச் சொன்னா பெத்தவன் எழுந்து 'குறை'ன்னு சொல்லலாம். சொல்லிட்டா கல்யாணம் அங்கேயே நிக்கும். குறை சொன்னவனே அதைத் திருப்பி வாங்கிக்கிட்டாத்தான் மறுபடி நடக்கும். வேற யாரும் வாங்க முடியாது.

முதல்ல நான். அவங்க கதையை நான் சொல்லணும். அதுல என்ன இருக்கு சொல்ல? ஒரு கூடை தண்ணியில மிதந்து வந்துச்சாம். ஒரு நாணல் வளைஞ்சு அதைப் பிடிச்சு நிறுத்துச்சாம். கூடைக்குள்ள ஒரு பிள்ளையாம். அது அழுத அழுகையில கரை உண்டாச்சாம். அவ்வளவுதான் கதை! கூடை எங்கிருந்து வந்துச்சு? யாரு விட்டா? ஒரு வார்த்தை கிடையாது. பாதியில எழுந்து போனவன் சொன்ன மாதிரி இருக்கும்.

நானும் சொன்னேன். கொஞ்சம் என் கைச்சரக்கையும் சேத்துச் சொன்னேன். 'கூடைக்குள்ள இருந்தது பிள்ளையோ கெளுத்தி மீனோ, நாத்தம் மட்டும் இன்னும் போகலை'ன்னேன். நாணல் வளைஞ்சதைச் சொல்றப்போ மாப்பிள்ளைப் பயலைக் காட்டி, 'இவனை மாதிரி வளைஞ்சுது'ன்னேன். எங்க பக்கம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க? அவங்களும் சிரிச்சாங்கப்பா! ஒருத்தன்கூட குறை சொல்லலை. மாப்பிள்ளையோட அப்பன் எழுந்து வந்து எனக்குத் தண்ணி குடுத்தான். தன் கதையை இவ்வளவு கேவலமா ஒருத்தன் சொல்லியும் வாயைத் திறக்கலைன்னா, அவங்களுக்குச் சூடு சொரணை எங்க இருக்கு? நீயே சொல்லு.

அப்புறம் அவங்க ஆளு. மாப்பிள்ளையோட அத்தை, குருகின்னு ஒருத்தி. ஒல்லியா, கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சா. தண்ணி, இருட்டு, அம்மா நடந்து வந்தது, மண்ணை அள்ளினது, எல்லாம் சரியாத்தான் சொன்னா. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே சொன்னா. அம்மா குனியுற இடத்துல எங்க ஜனத்துக்கே மயிர்க்கூச்செடுத்துச்சு. நான்கூட, சரி போகட்டும், இவளுக்கு ஒரு புடவை எடுத்துக் குடுக்கலாம்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்போ சொல்றா, 'ரெண்டு பிள்ளை செஞ்சா'ன்னு.

அதோட அவ நிறுத்தலை. வெள்ளம் வந்துச்சாம். அம்மாவால ரெண்டையும் தூக்கிட்டு நடக்க முடியலையாம். ஒண்ணை இடுப்புல வச்சுக்கிட்டா, இன்னொண்ணைக் கூடையில போட்டு, கூடையைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தாளாம். கை நழுவிடுச்சாம்.

பாத்தியா வேலையை? அவங்க கூடையைக் கொண்டுவந்து எங்க கதைக்குள்ள வச்சுட்டாங்க! எங்க வீட்டுக்கே வந்து, எங்க பந்தல்லயே உக்காந்துக்கிட்டு, 'நாங்களும் உங்க அம்மா பிள்ளைதான்'னு சொல்றாங்க. கை கழுவின தண்ணி, இடுப்புல ஏறி உக்காரப் பாக்குது.

எழுந்தேன். 'குறை!'ன்னு கத்தினேன்.

குருகி கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. 'அண்ணே, உங்க ஜனம் எங்களுக்குச் சொன்னதைத்தான் நான் சொன்னேன். முதன்முதலா ரெண்டு ஜனமும் கதை மாத்திக்கிட்ட அன்னிக்கு உங்க ஆளுங்க இப்படித்தான் சொன்னாங்களாம். நாங்க ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. அடுத்தவங்க கதையில கை வைக்க எங்களுக்கு உரிமை இல்ல'ன்னா.

எப்படி இருக்கு! எங்க கதையை நாங்க மறந்துட்டோமாம், இவங்க பத்திரமா வச்சிருக்காங்களாம்! நான் விடுவேனா? 'எங்க கோயில் பாறையில அம்மா காலடி இருக்கு, பக்கத்துல பிள்ளை காலடி இருக்கு, வந்து பாரு'ன்னேன். அதுக்கு எங்க ஆளு ஒருத்தனே கேக்குறான், 'செம்பா, அங்க மூணு காலடி இருக்கே'ன்னு. மடையன். மூணாவது மழை அரிச்சதுன்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நான் சின்ன வயசுல இருந்து தினம் பாக்குறேன். அஞ்சு விரலும் தெரியுற மாதிரி அரிச்சிருக்கு, அவ்வளவுதான்.

எங்க பொம்பளைங்களைக் கேளு. அதுக்குள்ள பாதிப் பேரு அழுதுக்கிட்டு இருக்காங்க. எதுக்குடி அழுறீங்கன்னா, 'கை நழுவிடுச்சேங்க'ங்கிறா என் பெண்டாட்டி செவ்வி. யாரு கை நழுவுச்சு? நழுவவே இல்லைன்னுதானே சொல்றேன்!

துவரி எழுந்து எங்கிட்ட வந்தா. கல்யாணப் பொண்ணு, தலை நிறையப் பூவோட. 'அப்பா, குறையைத் திருப்பி வாங்கிக்கோ'ன்னா. மாட்டேன்னேன். 'ரெண்டாவது பிள்ளை இருந்தா உனக்கு என்னப்பா குறைஞ்சு போச்சு?'ன்னு கேட்டா. குறைஞ்சு போச்சாம்! ஒருத்திக்கு ஒரே பிள்ளை இருக்கிறதும் ரெண்டு இருக்கிறதும் ஒண்ணா? அந்த ஒத்தைப் பிள்ளை மேல அவ எவ்வளவு உயிரை வச்சிருப்பா, அதெல்லாம் யோசிச்சுப் பாத்தாளா? 'ஒரே பிள்ளைதான்டி, ஒண்ணே ஒண்ணுதான்'னு நான் கத்துறேன். அவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் திரும்பி நடந்து போயி, நாணலாருக்குப் போட்டிருந்த பாயில உக்காந்துட்டா.

எந்தப் பாயில உக்காருறாங்களோ அந்த ஜனம். அதுவும் முறைதான்.

அக்கரையில வச்சுக் கல்யாணத்தை முடிச்சுட்டாங்களாம். பெத்தவன் குறை சொன்ன கல்யாணம் இந்தக் கரையில செல்லாது. அந்தக் கரையில எல்லாம் செல்லும், அவங்களுக்குத்தான் எல்லாரும் சொந்தமாச்சே. செவ்வி போய்ப் பாத்துட்டு வந்தா. ஆமா, என் பெண்டாட்டிதான். 'துறையில இறங்கி என்ன கதை சொன்னே?'ன்னு கேட்டேன். 'எல்லாரும் சொல்ற கதைதான்'னா. 'எத்தனை பிள்ளைடி சொன்னே?'ன்னேன். சோத்தைப் போட்டுட்டு எழுந்து உள்ள போயிட்டா. அன்னியிலிருந்து எங்க வீட்டுல உப்பு இருக்கா, புளி இருக்கா, இவ்வளவுதான் பேச்சு.

என்னப்பா தண்ணியையே பாக்குறே? ஆமா, திரும்புது. காலையில வடக்க ஓடும், உச்சி திரும்பினா தெக்க ஓடும். உங்க மேட்டுல ஆறெல்லாம் ஒரே பக்கமா ஓடுமோ? எங்க ஊர்ல, ஆறு எதையோ மறந்துட்டு எடுக்கத் திரும்புதுன்னு சொல்லுவோம். நாணலார் வேற கதை வச்சிருக்காங்க. அது அந்த அம்மாவாம். அந்தப் பிள்ளையைப் பாக்க ஒரு தடவை, இந்தப் பிள்ளையைப் பாக்க ஒரு தடவை, இன்னும் நடந்துக்கிட்டே இருக்காளாம். எதுக்கெடுத்தாலும் அழுமூஞ்சிக் கதை. ஆறுன்னா ஓடத்தான் செய்யும். இதுல அம்மா எங்க வந்தா?

அதோ, கரை தெரியுது. நாணல் புதருக்கு இந்தப் பக்கம், ஓலைப் பந்தல் தெரியுதா? அதுதான் துறை. பந்தல்ல உக்காந்திருக்கா பாரு, சிவப்புச் சேலை. அவதான் துறைக்காரி.

அவதான் துவரி.

ஆமா, என் பொண்ணுதான். அதுக்கு ஏன் அப்படிப் பாக்குறே? நாணலாருக்கு வெக்கம் கிடையாதுன்னு சொன்னேன்ல? வெளிய இருந்து வந்தவதான் வெளிய இருந்து வர்றவங்க கதையை நல்லாக் கேப்பாளாம், அதனால அவளையே உக்கார வச்சுட்டாங்க. என் பொண்ணு, வீட்டுல நான் ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லுவா. இப்போ வாயை மூடிக்கிட்டு ஊர்ல இருக்கிறவன் தும்மல் கதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

பக்கத்துல தொட்டில் மாதிரி ஒண்ணு தெரியுதா? பிள்ளை பெத்திருக்கா. கை காலை ஆட்டுது பாரு. வெயில்ல கிடக்கு, மூஞ்சியில ஒரு துணி போடத் தெரியலை. அறிவுகெட்டவ. கொஞ்சம் நகத்திப் போட்டா நிழல் இருக்கு. இங்கேயிருந்து எனக்குத் தெரியுது, பக்கத்துல இருக்கிறவளுக்குத் தெரியலை.

நானா? நான் இறங்கலை. சுண்ணாம்பு இன்னிக்கு வந்திருக்காது. அட, சாமந்தன் ஏதாவது சொல்லிச் சிரிப்பான், விடு. ஆமா, தினம்தான் வர்றேன். வந்துட்டு இப்படியே திரும்பிப் போறேன். இது என் இடம்னு சொன்னேன்ல? உனக்கென்ன நட்டம்?

இறங்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. நான் அவ முன்னால நிக்கணும். கதை சொல்லணும். அவ ஒண்ணும் பேச மாட்டா. சண்டை போட மாட்டா. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டா. முறை அப்படி. எல்லாம் கேட்டுட்டு, உனக்குச் சொல்லப் போற மாதிரி, அந்த மணிக்காரனுக்குச் சொன்ன மாதிரி, எனக்கும் 'கேட்டேன்'னு சொல்லித் தண்ணி குடுப்பா. நான் அவளைப் பெத்தவன். அவ கையால வழிப்போக்கன் தண்ணியை வாங்கிக் குடிக்க நான் போகணுமா? என்னால முடியாது தம்பி. அதை மட்டும் என்னால தாங்க முடியாது.

இங்க வா, கிட்ட வா. நீ இறங்கத்தானே போறே? உன் ஆட்டுக்கதையைச் சொல்லு. நான் வேண்டாம்னு சொல்லலை. முடிஞ்சதும் கூட ஒரு வார்த்தை சேத்துக்கோ. 'அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை'ன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற பிள்ளை கிடையாது, அந்த ஒண்ணை விட்டா அவளுக்கு யாரும் கிடையாதுன்னு சொல்லு. ஆட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு அவ கேக்க மாட்டா. கேக்கக் கூடாதுல்ல? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே.

வர்றவன்கிட்ட எல்லாம் இதைத்தான் சொல்லி அனுப்புறேன். பாதிப் பேரு மறந்துட்டுப் போயிடுவான். அந்த மணிக்காரன் சொன்னான். நல்லாவே சொன்னான், இங்க வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு அவ என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு குவளை தண்ணி மொண்டா. ஒண்ணை அவன் கையில குடுத்தா. இன்னொண்ணையும் குடுத்து, ஓடத்துப் பக்கம் கையைக் காட்டினா. நான் இந்தப் பலகையில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தத் தடிப்பய என்ன பண்ணினான்? ரெண்டையும் குடிச்சுட்டான்! வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டான்! இங்கேயிருந்து நான் கத்தின கத்துல கொக்கெல்லாம் பறந்துச்சு. அவ அப்படியே நின்னா. ஆமை திரும்புற வரைக்கும் நின்னா.

அவளுக்கும் முறை தெரியலை பாரு. இறங்கிக் கதை சொல்லாதவனுக்குத் துறைத் தண்ணி குடுக்கலாமா? எந்த ஊர்ல இருக்கு அந்த வழக்கம்? நாணலாருக்குத் தெரிஞ்சா பந்தல்ல இருந்து எழுப்பி விட்டுருவாங்க. வளர்த்த வளர்ப்பு சரியில்லைன்னு என்னைத்தானே சொல்லுவாங்க?

சரி, முட்டிடுச்சு, இறங்கு. மூட்டையை எடு. மெதுவா, பாசி இருக்கு. அந்தத் தொட்டிலைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி வைக்கச் சொல்லு. நீயே தள்ளினாலும் சரிதான், ஆட்டைத் தொட்ட கையைக் கழுவிட்டுத் தள்ளு. ஒரே பிள்ளை, மறந்துடாதே.

ஏய் தம்பி! இங்க பாரு. ரெண்டு குவளை குடுத்தா, ஒண்ணுதான் உனக்கு. இன்னொண்ணுல வாயை வச்சே, இந்த ஆத்துலயே உன்னை முக்கிடுவேன். எனக்கு ஒண்ணும் தாகமில்ல, ஆமை நிக்குது, அதனால சொல்றேன். ரெண்டு கையாலயும் பிடி. சிந்தாம கொண்டா.